பெயர் நீக்கப்பட்டது

குரு என்றதும் ஆலமரத்தடியைத் தேட வேண்டாம். இந்தக் குரு உட்காருவது இரண்டாம் மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறையில். பெயர் இசக்கியம்மாள். வயது நாற்பது. கல்லூரியின் சமூகப்பணித் துறைக்குத் தலைவி. ஸ்கூட்டியில் வருவார், மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பார்.

சீடர் வேதமணிக்கு வயது ஐம்பத்து மூன்று. குடிநோய் மீட்பு மையம் ஒன்றில் பாதி ஆயுளை ஆலோசகராகக் கழித்தவர். மையத்தை மூடியதும் சும்மா இருக்கப் பிடிக்காமல் இசக்கியம்மாளிடம் பி.எச்டி. மாணவராகச் சேர்ந்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இசக்கியம்மாள் கல்லூரி மாணவியாகக் களப்பணிக்குப் போனது அதே மையத்துக்குத்தான். அவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் வேதமணி. அன்று அவரை 'ஏம்மா' என்று கூப்பிட்டவர், இன்று 'மேடம்' என்கிறார். இசக்கியம்மாள் மட்டும் 'சார்' என்பதை விடவில்லை. இதில் யார் குரு, யார் சீடர் என்று துறையில் மற்றவர்களுக்கு ஒரு குழப்பம் இருந்தது. அவர்கள் இருவருக்கும் இல்லை.

வேதமணி எடுத்த ஆராய்ச்சி இது. சமூக ஊடகத்தில் ஒரு பக்கம். குடிக்கிற ஆண்களின் மனைவிமார் அதில் எழுதுவார்கள். முகத்துக்குப் பதில் ஒரு பூப்படம், பெயருக்குப் பதில் ஒரு பொய்ப்பெயர். மற்றபடி எல்லாம் உண்மை. அந்தப் பக்கத்துக்குப் பூட்டுக் கிடையாது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அந்த வயதில் வேதமணி கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, வீடியோக்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக் கற்றார். அவருடைய புரோகிராம் தினமும் காலையில் தானாகவே அந்தப் பக்கத்துக்குப் போகும். புதிதாக யார் என்ன எழுதியிருந்தாலும் அள்ளிக்கொண்டு வரும். சொற்களைப் பிரித்துப் பார்த்து, பயத்துக்கு ஒரு நிறம், கோபத்துக்கு ஒரு நிறம், சலிப்புக்கு ஒரு நிறம் என்று பூசி வைக்கும்.

நிறங்களை நேரப்படி அடுக்கிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. பயம் உச்சத்தில் இருப்பது கணவன் அடிக்கிற நேரத்தில் அல்ல. அவன் வீட்டுக்கு வருவதற்கு முந்தைய நேரத்தில். பெண்களுக்கான உதவி எண் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு எல்லாரும் பஸ் பிடிக்கப் போகிற நேரமும் அதுதான்.

இது சின்ன விஷயமில்லை. வெளியூர்க் கருத்தரங்கில் வேதமணி இதைப் பேசினார். உதவி எண் பொறுப்பில் இருந்த அதிகாரி அங்கேயே எழுந்து, நேரத்தை மாற்றுகிறோம் என்றார். வேதமணிக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

ஆனால் கூட்டத்தை உலுக்கியது அந்த வரைபடம் இல்லை. கடைசி ஸ்லைடு. அதில் ஒரு பெண் எழுதிய ஒரே வாக்கியம் இருந்தது.

"அவர் தூங்கின பிறகுதான் நான் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்."

அதன் கீழே சின்ன எழுத்தில், பெயர் நீக்கப்பட்டது.

அரங்கத்தில் பலர் போனை எடுத்து அதைப் படம் பிடித்தார்கள். பிறகு கைதட்டினார்கள். மறுநாள் ஓர் இணையச் செய்தித்தளம் அந்த வாக்கியத்தையே தலைப்பாகப் போட்டது. வேதமணி அதைத் தன் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பி வைத்தார். எத்தனை வயதானாலும் பாராட்டு என்றால் மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துதான் போகிறது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அவர் இரண்டாம் மாடிக்கு ஏறி வந்தார். பேயறைந்த முகம். கையில் ஒரு கட்டுத் தாள்.

"மேடம், அந்தம்மா ஒண்ணு எழுதியிருக்காங்க."

"எந்தம்மா சார்?"

"கடைசி ஸ்லைடு."

ஒரு தாளை உருவி நீட்டினார். இசக்கியம்மாள் வாங்கிப் படித்தார்.

"நான் இங்கே எழுதினதை யாரோ மேடையில் காட்டியிருக்கிறார்கள். அது செய்தியில் வந்து என் கொழுந்தனார் போனுக்கும் வந்துவிட்டது. யாரோ ஒருத்தி, இன்னும் என்ன எழுதியிருக்கிறாள் பார்ப்போம் என்று அந்த வரியைப் போட்டுத் தேடி, நேரே இந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டார். தறி, அத்தையின் கண் ஆபரேஷன், சின்னவளின் பள்ளிக்கூடம், எல்லாவற்றையும் வைத்து நான்தான் என்று தெரிந்துபோனது. நேற்று வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து நான் எழுதினதை ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டு வாசித்தார்கள். என்னையும் நடுவில் உட்கார வைத்து. இனி நான் வர மாட்டேன். யாரும் எனக்கு எழுத வேண்டாம்."

இசக்கியம்மாள் அதை இரண்டாம் தடவை படித்தார்.

"இது எப்படிக் கிடைச்சுது உங்களுக்கு?"

"புரோகிராம்தான். வழக்கம்போல காலையில போயி எடுத்துட்டு வந்திருக்கு."

"இப்போ அவங்க அந்தப் பக்கத்துல இருக்காங்களா?"

"இல்ல. பாத்துட்டேன். அந்தப் பேரே இல்ல."

தாளின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. சாம்பல் நிறம் பூசியிருந்தது.

"இது என்ன நிறம் சார்?"

வேதமணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உணர்ச்சி இல்லாத பதிவுன்னு அர்த்தம். வெறும் தகவல்."

இசக்கியம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏதாவது சொல்லியிருந்தால் வேதமணிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். சொல்லாததால் வேதமணி பேச ஆரம்பித்தார். குற்றம் சாட்ட ஆளில்லாதபோது மனுஷன் தனக்குத்தானே வக்கீலாகிவிடுகிறான்.

"பேரை எடுத்துட்டேன் மேடம். ஊரை வாயத் திறந்து சொல்லல. ஆராய்ச்சிக்குக் கமிட்டி அனுமதி குடுத்திருக்கு, இந்தா பாருங்க, இந்தப் பக்கம், பொதுவெளித் தரவு, தனி ஒப்புதல் தேவையில்லைன்னு போட்டிருக்கு. நான் யார் வீட்டுலயும் எட்டிப் பாக்கல. யார் போனையும் திறக்கல. பூட்டு இல்லாத பக்கம். உலகத்துல எல்லாரும் படிக்கலாம். அதுவும் நல்லதுக்குத்தான எடுத்தோம்? உதவி எண் நேரம் மாறப்போகுதே!"

"ஆமா சார்."

"அப்போ நான் என்ன தப்புப் பண்ணினேன்? நீங்களே சொல்லுங்க மேடம்."

கேள்வியாகத்தான் கேட்டார். ஆனால் பதில் வேண்டாம் என்பதும் அந்தக் குரலில் இருந்தது.

இசக்கியம்மாள் எழுந்தார். அறைக் கதவைச் சாத்தினார். மூலையில் துறைக்குச் சொந்தமான பழைய டேபிள் ஃபேன் ஒன்று இருந்தது. வேகத்தை முழுசாக வைத்து அதைப் போட்டார்.

காற்றை விடச் சத்தம்தான் அதிகம். தகரத்தைப் போட்டுத் தட்டுகிற மாதிரி அது ஓடியது. வேதமணியின் தாள்கள் மேஜையிலிருந்து எழும்பி அறை முழுக்கப் பறந்தன. கமிட்டி அனுமதி கதவோரம் போய் விழுந்தது.

"மேடம், மழை நேரத்துல எதுக்கு ஃபே..."

வேதமணி பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

மீட்பு மையத்தில் அவர் அறையிலும் இப்படி ஒரு ஃபேன் இருந்தது. மாணவி இசக்கியம்மாள் களப்பணிக்குப் போன புதிதில், இதே மாதிரி ஒரு மழை நாளில், ஒரு பெண் நனைந்துபோய் வந்து நாற்காலியில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். பாவம், குளிருகிறதே என்று மாணவி எழுந்து ஃபேனை நிறுத்தினார். உள்ளே வந்த வேதமணி ஒரு வார்த்தை பேசாமல் அதை மறுபடி போட்டார். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தப் பெண்ணுக்குப் போர்த்திக்கொள்ளக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான், என்ன நடந்ததும்மா என்று அவளிடம் கேட்டார்.

அவள் போன பிறகு மாணவியைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஏம்மா, வெளிய பெஞ்சுல யாரு உக்காந்திருந்தா பாத்தியா? அவ மாமனாரு. இந்தச் சத்தம் நமக்கில்ல, அவருக்கு."

மையத்துக்கு வந்த ஒவ்வொரு மாணவருக்கும் அவர் முதல் பாடமாகச் சொன்னது அதுதான். கேள்வி கேட்பதெல்லாம் அப்புறம். முதலில் வெளியே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்.

வேதமணி குனிந்து தாள்களைப் பொறுக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். கடைசித் தாளை எடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. கூசிப்போய் ஃபேன் இருந்த பக்கமே திரும்பாமல் இருந்தார்.

"நான்தான உங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

"ஆமா சார்."

"ஒரு பொம்பள வாயத் திறக்கதுக்கு முன்னால, வெளிய யாரு இருக்கான்னு பாருன்னு."

"ஆமா சார்."

"எல்லாரும் படிக்கலாம், எல்லாரும் படிக்கலாம்னு நானே கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லுதேன். அந்த எல்லாருல அவ கொழுந்தனும் ஒருத்தன்னு எனக்குத் தோணவே இல்லியே!"

"எனக்கும் தோணல."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

இசக்கியம்மாள் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். "அந்த வரியை நீங்க நடுவுலதான வச்சிருந்தீங்க. இதக் கடைசியில போடுங்க சார், மனசுல நிக்கும்னு சொன்னது யாரு?"

சொன்னது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

செய்ய முடிந்ததைச் செய்தார்கள். புரோகிராமை நிறுத்தினார்கள். கருத்தரங்கு நடத்தியவர்களைக் கூப்பிட்டு, இணையத்தில் போட்டிருந்த ஸ்லைடுகளை எடுக்கச் சொன்னார்கள். போனில் பேசியவர், "அதுதான் மேடம் ஹைலைட்டே! எல்லாரும் கேட்டு வாங்கிப் பாக்காங்க!" என்று குதூகலமாகச் சொன்னார். இசக்கியம்மாளுக்குக் காது எரிந்தது. அவருக்கு விளக்கிச் சொல்லி எடுக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. செய்தித்தளமும் ஒருவழியாகத் தலைப்பை மாற்றியது. வேதமணி கேடயத்தைப் பழைய பேப்பரில் சுற்றித் திருப்பி அனுப்பினார்.

சேர்த்து வைத்த பதிவுகளை அவரே அழித்தார். ஆய்வில் இரண்டு அத்தியாயம் அதோடு போயிற்று. பட்டம் எப்போது என்று கேட்ட மனைவியிடம், பார்க்கலாம் என்றார்.

உதவி எண் நேரம் நிஜமாகவே மாறியது. அதிகாரி போன் போட்டு நன்றி சொன்னார். வேதமணி போனை வைத்துவிட்டு, கேட்டதை இசக்கியம்மாளிடம் சொன்னார். சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார். நல்ல செய்தியைக்கூடத் திருட்டுப் பொருள் மாதிரி கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

அந்தப் பக்கத்தை நடத்துகிற பெண்களுக்கு இருவரும் சேர்ந்து எழுதினார்கள். நாங்கள்தான் செய்தோம் என்று எழுதினார்கள். உதவி எண்ணையும் கொடுத்து, என்ன உதவி வேண்டுமென்றாலும் செய்கிறோம், அந்தப் பெண் பத்திரமாக இருக்கிறாரா என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டார்கள்.

பதில் வர நாளாயிற்று. வந்தபோது சின்னதாக இருந்தது.

"அவர் எங்கே, எப்படி இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் உங்களிடம் சொல்ல மாட்டோம். நீங்கள் கொடுத்த உதவி எண்ணை அவருடைய பழைய மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறோம். பார்த்தால் அவரே கூப்பிடுவார். இனி எங்களைத் தேடாதீர்கள்."

அன்றைக்கே அந்தப் பக்கத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். பிறகு உள்ளே யார் இருந்தார்கள், யார் வெளியேறினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

வேதமணி இளைத்துப் போனார். துறைக்கு வருவார், ஒரு மூலையில் உட்காருவார், ஒன்றும் எழுதாமல் போவார். உதவி எண் அலுவலகத்தில் நண்பர் ஒருவர் இருந்தார். அப்படி யாராவது கூப்பிட்டார்களா என்று அவரிடம் கேட்கலாமா என்று ஒரு நாள் வாயெடுத்தார். இசக்கியம்மாள் ஏறிட்டுப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு நாள், அவர் கையில் ஹெல்மெட்டோடு வந்து நின்றார். புதுச் சட்டை போட்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது. ஒரு முடிவுக்கு வந்துவிட்டவரின் தெளிவு.

"மேடம், நான் போயிட்டு வாரேன்."

"எங்க சார்?"

"அந்தம்மாவப் பாக்க."

இசக்கியம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.

"எல்லாத்தையும் அழிச்சாச்சுன்னு சொன்னீங்க."

"கம்ப்யூட்டர்ல அழிச்சாச்சு." வேதமணி நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "இங்க அழியலியே. அவங்க எழுதினது அத்தனையும் எனக்கு மனப்பாடம். தறி ஓடுத ஊரு. தெரு முனையில தண்ணி டேங்கு. சின்னது படிக்கது எந்தப் பள்ளிக்கூடம்னு தெரியும். போயி ரெண்டு பேருகிட்ட விசாரிச்சா வீட்டுக்கே கொண்டுபோயி விட்டுருவாங்க."

"போயி?"

"மன்னிப்புக் கேப்பேன். இந்த நாய்தான் உங்க எழுத்த எடுத்து ஊருக்குக் காட்டுச்சுன்னு சொல்லுவேன். திட்டட்டும். செருப்பால அடிக்கட்டும். காறி மூஞ்சியில துப்பட்டும். வாங்கிட்டு வந்துருதேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கண்ண மூடுனா அந்தம்மாவ நடுவுல உக்கார வச்சிருக்காங்க, சுத்தி எல்லாரும் வாசிக்காங்க. நான் தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா, ஏம்மா?"

வேதமணிக்குத் தெரியாமலே அந்தப் பழைய 'ஏம்மா' வந்துவிட்டது. கண்ணும் கலங்கிவிட்டது. ஹெல்மெட்டை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு நின்றார்.

இசக்கியம்மாள் எழுந்துவிட்டார். தனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மனுஷர். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, நானும் வருகிறேன் சார் என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. உண்மையில் சில நாள் காலையில் ஸ்கூட்டியை எடுக்கும்போது அவருக்கும் அந்த எண்ணம் வந்ததுண்டு.

"உக்காருங்க சார்."

"இல்ல, வெயிலுக்கு முன்னால கிளம்பணும்."

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். சொல்லிட்டுப் போங்க."

"கேளுங்க மேடம்."

"ஊரக் கண்டுபிடிச்சு, தெருவ விசாரிச்சு, அந்த வீட்டு வாசல்ல போயி நிக்கீங்க. கதவத் தட்டுதீங்க."

"ஆமா."

"யாரு வந்து திறப்பா, சார்?"